சைபர் பாதுகாப்பு படிக்கப் போகும் பிள்ளைக்கு

“அதப் படிச்சா பொலிஸிலயா வேல?” என்று தகப்பன் கேட்டார். மகள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்த பிள்ளை. முதுமாணி செய்வதென்றால் சைபர் பாதுகாப்பில்தான் என்று நிற்கிறாள். தகப்பனுக்கு ஆரையம்பதியில் ஹாட்வெயார் கடை. கணக்கு வழக்குத் தெரிந்த மனிதர். இரண்டு வருடமும் இத்தனை காசும் எங்கே போகின்றன என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. இதே கேள்வியோடு வரும் குடும்பங்கள் இப்போது பல. அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பொலிஸிலும் வேலை உண்டுதான். வங்கியில் உண்டு, தொலைபேசிக் கம்பனியில் உண்டு, மென்பொருள் நிறுவனத்தில் உண்டு. ஆனால் வேலையிலிருந்து தொடங்கினால் இந்தப் படிப்பு விளங்காது. கணினி விஞ்ஞானத்தின் மற்றப் பிரிவுகள் ஒரு பொருள் ஒழுங்காக ஓட என்ன செய்ய வேண்டும் என்று கேட்கின்றன. இந்தப் பிரிவு, ஒருவன் வேண்டுமென்றே கெடுக்க நினைத்தால் அது எந்த இடத்தில் முறியும் என்று கேட்கிறது. அந்த இடத்தைக் காண, முதலில் அந்தப் பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதை முதல் பட்டத்துக்குப் பிறகு படிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினம் முடிந்து இரண்டாம் நாள், ‘கூகுள் டொட் எல்கே’ என்று அடித்தவர்கள் வேறொரு பக்கத்தில் போய் இறங்கினார்கள். தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், ஊடகச் சுதந்திரம், சிறுபான்மையினரின் குறைகள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. கூகுளின் கணினிக்குள் எவரும் நுழையவில்லை. நாம் அடிக்கும் பெயருக்கு உரிய கணினியின் இலக்கம் எது என்று சொல்லும் ஒரு பதிவு இருக்கிறது. டொட் எல்கே பெயர்களுக்கான அந்தப் பதிவில்தான் கை வைத்திருந்தார்கள். பெயர் சரி, இலக்கம் பிழை. இணையத்தில் பெயர்கள் எப்படி இலக்கமாகின்றன என்று படித்திராதவனுக்கு இது மாயம். படித்தவனுக்கு இது ஒரு பதிவுக் கோளாறு: அந்தப் பதிவை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அந்தக் கணக்கு எப்படிக் காக்கப்பட்டது என்று உடனே கேட்பான்.

இன்னும் பெரிய பாடம் 2023 ஓகஸ்டில் வந்தது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் ஓடிய லங்கா அரச கிளவுட்டில் ரான்சம்வேர் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் கப்பம் கேட்கும் நிரல் அது. கப்பம் என்றால் என்ன என்று எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு விளக்கத் தேவையில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துபோன அஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதில்தான் படிப்பு இருக்கிறது. பிரதி எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பிரதியும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தது. கப்பக்காரன் மூலத்தைப் பூட்டியபோது பிரதியையும் பூட்டினான். தனியே கழற்றி வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இல்லை. அடுத்தது, அவர்கள் ஓட்டியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அதாவது, அதில் புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இல்லை. புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. 2021 முதலே திட்டம் இருந்தது. பணத் தட்டுப்பாட்டாலும் முன்னைய தீர்மானங்களாலும் தள்ளிப்போனது என்று பின்னர் சொன்னார்கள்.

இங்கே எது தொழில்நுட்பப் பிழை, எது நிர்வாகப் பிழை, எது நாட்டின் பொருளாதாரம்? பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரு நல்ல முதுமாணி வகுப்பு இந்தச் சம்பவத்தை ஒரு முழுப் பருவத்துக்கும் வைத்துப் படிப்பிக்கலாம். பழைய மென்பொருளில் எந்த ஓட்டை வழியாக வரலாம் என்பது ஒரு பாடம். உள்ளே வந்தவன் ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகர்கிறான் என்பது வலையமைப்புப் பாதுகாப்பு. எந்தத் தரவுக்கு எத்தனை பிரதி, எங்கே, எவர் பொறுப்பில் என்பது பாதுகாப்பு முகாமைத்துவம். நடந்த பிறகு தடயம் சேர்ப்பது டிஜிட்டல் தடயவியல். எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் ஏறக்குறைய இவையும், இவற்றோடு குறியாக்கமும் சட்டமும், பல இடங்களில் ஓர் ஆய்வேடும்தான் இருக்கும்.

முகாமைத்துவப் பாடம் சப்பென்று இருக்கும் என்று பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். அதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி எங்கள் வாவிதான். மாரியில் வாவி பெருகும்போது பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா, பொறுப்பதா என்று வருடா வருடம் ஒரு வாக்குவாதம் வரும். பிந்தினால் படுவான்கரை வயல்கள் தாழும். முந்தினால் வாவி நீர் கடலுக்கு ஓடி உப்பு ஏறும், மீன்பிடிக்காரர் பேசுவார்கள். ஆபத்தே இல்லாத தெரிவு ஒன்று கிடையாது. எந்த நட்டத்தை யார் தாங்குவது என்று கணக்குப் பார்த்து, ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். நிறுவனங்களில் சைபர் பாதுகாப்பு அதிகாரி செய்கிற வேலையில் பாதி இந்தக் கையெழுத்துத்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதெல்லாம் படத்தில்.

தகப்பனுக்குப் பிடித்த கதை பங்களாதேஷ் கதை. கடை வைத்திருப்பவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழன் இரவு. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஏற்கனவே புகுந்து இருந்தவர்கள், அந்த வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை வெளியே அனுப்பச் சொல்லி 35 கட்டளைகள் கொடுத்தார்கள். நாளைப் பாருங்கள். பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும். பணம் போய்ச் சேர வேண்டிய பிலிப்பைன்ஸில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் மற்றவருக்குத் தொலைபேசி எடுத்தால் ஆள் இல்லாத நான்கு நாட்கள். கட்டளைகளை அச்சிட்டுத் தரும் பிரிண்டரும் ஓடாதபடி செய்திருந்தார்கள். வழக்கமான பிரிண்டர் கோளாறு என்றுதான் அலுவலர்கள் நினைத்தார்கள்.

ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 8 கோடி 10 லட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி டொலர் கொழும்புக்கு வந்தது, ஒரு தொண்டு நிறுவனத்தின் பேரில். அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்த ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் எழுத்துப் பிழையோடு அடித்திருந்தார்கள், இடையில் இருந்த ஜேர்மன் வங்கி அதைக் கண்டு நிறுத்தியது, பணம் தப்பியது. உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை இது. எழுத்துப் பிழை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட இனிமையான கதை கிடையாது.

ஆனால் கதையின் மறுபாதியை எங்களவர்களே சொல்வதில்லை. கொழும்பில் பணத்தைப் பெற்ற பான் ஏசியா வங்கியில் ஓர் அலுவலர், இவ்வளவு பெரிய தொகை இலங்கை போன்ற நாட்டுக்கு இப்படி வருமா என்று சந்தேகப்பட்டார். வங்கி அதை ஜேர்மன் வங்கிக்கே திருப்பி விசாரித்தது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எழுத்துப் பிழையை எவரும் நின்று பார்த்திருப்பார்களோ தெரியாது. 2 கோடி டொலரும் பங்களாதேஷுக்குத் திரும்பிப் போனது. பின்னர் அமெரிக்கா இந்தத் திருட்டை வட கொரியாவின் ஆட்கள்மேல் சுமத்தியது. அப்படிப்பட்ட ஒரு படைக்கு எதிரே நின்றது, வழமைக்கு மாறான தொகை என்றால் நிறுத்திக் கேள் என்ற ஒரு பழைய வங்கி ஒழுங்கு. “கடையில நானும் அதத்தானே செய்றன்” என்றார் தகப்பன். ஆம், அதைத்தான். அந்தச் சந்தேகத்தை ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான பரிமாற்றங்களில் கணினியே படச் செய்வது எப்படி என்பது பட்டப்பின் படிப்பு.

இந்தத் துறையின் பாடநூல்களில் எங்கள் யுத்தத்துக்கும் ஒரு பந்தி இருக்கிறது. 1990களின் கடைசியில், இன்டர்நெட் கரும்புலிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் அளவில் இரண்டு வாரம் அனுப்பி அவற்றின் அஞ்சலை முடக்கினார்கள். ஒரு நாட்டின் கணினிகள்மீது ஆயுத அமைப்பொன்று நடத்திய முதல் தாக்குதல் என்று அமெரிக்க அதிகாரிகள் அதைக் குறித்தார்கள். இன்றைக்கு 800 மின்னஞ்சல் ஒரு சின்னக் கம்பனியின் காலைக் குப்பை. வெளிநாட்டு வகுப்பில் விரிவுரையாளர் இந்தப் பந்திக்கு வரும்போது நம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பார். அதற்கும் ஆயத்தமாகப் போவது நல்லது.

இனிக் கணிதம். உயர்தரத்தில் கணிதத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைகள், பாதுகாப்புப் பிரிவில் அது குறைவு என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். தவறான தகவல். குறியாக்கம் முழுக்கக் கணிதம். குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத முறை என்று 2011இல் ஒரு முறை முன்வைக்கப்பட்டது. பதினொரு வருடம் நிபுணர்கள் முட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் தெரிவில் நான்காவது சுற்று வரை போனது. 2022இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரூ என்ற இருவர் அதன் ஒரு பதிப்பைச் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோரில், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் உடைத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது 1997இல் வெளிவந்த ஒரு தூய கணிதத் தேற்றம். அதை எழுதியவருக்குக் கணினிப் பாதுகாப்போடு சம்பந்தமே இல்லை. இன்னொன்றும் சொல்ல ஆசை: அந்த முறை எந்த வரைபுகளின் மேல் நடந்து திறப்பை ஒளித்ததோ, அந்த வகை வரைபுகளுக்குக் கணிதத்தில் ராமானுஜன் வரைபுகள் என்று பெயர். கும்பகோணத்துக்காரரான ராமானுஜன் 1920இல் இறந்துவிட்டார். பெயர் 1988இல் வைத்தார்கள்.

எல்லோரும் குறியாக்கம் செய்ய வேண்டியதில்லை. தடயவியலுக்குப் போகிறவருக்குப் பொறுமையும் ஒழுங்கும் போதும். ஒரு வன்தட்டை அப்படியே பிரதி எடுத்து, மூலத்துக்கும் பிரதிக்கும் ஷா-256 கணக்குப் போட்டால் 64 எழுத்தில் ஒரு கைரேகை வரும். உள்ளே ஒரேயொரு பிட் மாறினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். நீதிமன்றத்தில் சான்று நிற்பதும் விழுவதும் அங்கே. தகப்பனின் பொலிஸ் கேள்விக்கு இந்த இடத்தில் பாதி மார்க்ஸ் கொடுக்கலாம்.

சட்டத்தை ஒரு பந்தியில் முடிக்கலாம், ஆனால் மறக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். “படிக்கிறதுக்காகத்தான் பாத்தன்” என்பது ஒரு காரணமாகாது. பள்ளிக்கூடத்தின் வைஃபையை உடைத்துக் காட்டி நண்பர்களிடம் பேர் எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது திறமைக்கு அத்தாட்சி இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களின் பொறுப்புகளையும் வகுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை வாசிக்கத் தெரிந்த கணினிப் பட்டதாரிக்கு வேலை இருக்கும்.

எங்கே படிப்பது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவான யூ.சி.எஸ்.சி. பல வருடங்களாகத் தகவல் பாதுகாப்பில் முதுமாணி நடத்திவந்திருக்கிறது. மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.டி.யில் சைபர் பாதுகாப்பு விசேட பிரிவாக இருக்கிறது. இந்தியாவில் கோயம்புத்தூர் அம்ரிதாவில் எம்.டெக் உண்டு. உலகத்தில் இந்தப் படிப்பை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று லண்டனுக்கு அருகே ரோயல் ஹொலவே; 1992 முதல் நடக்கிறது. கொழும்பில் முதுமாணி வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். அதாவது மட்டக்களப்பில் வேலையில் இருக்கும் பிள்ளை வெள்ளி இரவு ரயில் ஏறி, ஞாயிறு இரவு ரயிலில் திரும்ப வேண்டும். கட்டணத்தைப் பற்றிப் பேசும் குடும்பங்கள் இந்த ரயிலையும், கொழும்பில் ஓர் இரவு தங்கும் இடத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண் பிள்ளைகளின் படிப்பு பல வீடுகளில் நிற்பது இந்த ஓர் இரவில்தான்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு மட்டத்தில் வருகிறது. 9ஆம் மட்டம் பாட வேலையால் வருவது, 30 திறமைப் புள்ளிகள். 10ஆம் மட்டம் ஆய்வும் சேர்ந்தது, 60 புள்ளிகள். வங்கியில் பதவி உயர்வுதான் நோக்கம் என்றால் 9 போதும். பிறகு கலாநிதிப் பட்டம் செய்ய, அல்லது கம்பஸில் விரிவுரையாளராக நினைப்பவர் 10ஐ எடுக்கட்டும். இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு, நான்கு வருடம் கழித்துக் கவலைப்படுவதில் பயன் இல்லை. வெளிநாட்டுப் பட்டம் தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பார்த்தால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வேலை விளம்பரத்திலும் கவனம் வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அடைத்துவைத்து, இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலை வாங்கினார்கள். தூதரகங்கள் தலையிட்டுச் சிறிது சிறிதாகத்தான் மீட்க முடிந்தது. ஐடி தெரியும் என்பதே அவர்களைப் பிடித்த தூண்டில்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள்: “மட்டக்களப்பில இருந்துகொண்டு இதில புதுசா என்ன சேர் செய்யலாம்?” நிறைய இருக்கிறது. ‘டொட் இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் இணையப் பெயர்கள் 2010 முதல் நமக்கு உண்டு. ஆனால் தமிழில் ‘ர’ எழுத்தும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு இரண்டு வேறு குறியீடுகள். ‘ஔ’ என்ற ஓரெழுத்தையும், ‘ஒ’ போட்டு ‘ள’ போட்டதையும் பிரித்துக் காணுங்கள் பார்ப்போம். தமிழ் எண் ௧ உயிர்மெய் ‘க’ போலவே இருக்கிறது. ஒரு வங்கியின் தமிழ்ப் பெயரைப் போலவே தோன்றும் போலிப் பெயரைப் பதிய இவை வழிவிடலாம். எவை எவற்றோடு குழம்பும், எந்தக் கைபேசியில், எந்த எழுத்துருவில், எந்த வயதினருக்கு என்று ஒழுங்காக அளந்து பார்க்கத் தமிழ் வாசிக்கும் கண் வேண்டும். லண்டனில் இருக்கும் மேற்பார்வையாளரிடம் அது இருக்காது.

இன்னொன்று, வட்ஸ்அப்பில் வரும் ஏமாற்றுச் செய்திகள். பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, ஓடிபி இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று வருபவை. இவை சுத்தத் தமிழில் வருவதில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, இடையில் சிங்களச் சொல்லும் போட்டு வரும். அதைப் பிடிக்கும் நிரல் எழுத, அப்படிப் பேசும் ஊரில் பிறந்திருப்பது ஒரு தகுதி. போலிக் கணக்கிலும் படம் பரப்புவதிலும் மாட்டிய பெண்கள் எங்கே முறையிடுகிறார்கள், எங்கே நிறுத்திவிடுகிறார்கள் என்பதும் ஆய்வுக்கு உரியதுதான். இத்தகைய முறைப்பாடுகளை ஏற்கும், 2006இல் தொடங்கிய இலங்கை செர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் இருப்பது ஏறாவூரிலும் களுவாஞ்சிக்குடியிலும் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பப் படிவம் எடுக்க அவசரப்படாதீர்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போடுங்கள். சி மொழியில் சில நூறு வரி எழுதி, அது நினைவகத்தில் எங்கே எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். வயர்ஷார்க் போட்டு உங்கள் வீட்டு ரூட்டர் வழியாக ஓர் இணையப் பக்கம் திறக்கும்போது என்னென்ன பொதிகள் போய்வருகின்றன என்று ஒரு மாலை முழுக்க வாசியுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக நடத்தும் பிகோசிடிஎஃப் போட்டியில் பழைய புதிர்கள் கிடக்கின்றன. அனுமதியோடு உடைத்துப் பழக அதுதான் இடம். 2024இல் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயின்ட் என்ற பொறியியலாளர், தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டிப் பார்த்துத்தான், உலகமெங்கும் பரவவிருந்த எக்ஸ்இசட் மென்பொருளின் கள்ளக் கதவைப் பிடித்தார். அரை வினாடிக்காகத் தூக்கத்தை விடத் தயாரான பிள்ளைக்கு இந்த முதுமாணியை நான் தயங்காமல் சொல்வேன். அந்த அரை வினாடி சலிப்பாக இருந்தால் கணினி விஞ்ஞானத்தில் வேறு நல்ல பிரிவுகள் இருக்கின்றன. ஆறு மாதம் பழகிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். லினக்ஸுக்கும் வயர்ஷார்க்குக்கும் பிகோசிடிஎஃப்புக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.